சொல்தாவுக்கு மாத்திரை கொடுத்த கதை

இரண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால், டிசம்பர் மாதத் தொடக்கத்தில், புதுச்சேரி நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுச் சமையலறையில் தொடங்கியது இது. நான் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன். எந்த இயந்திரத்தையும் மூடியைக் கழற்றிப் பார்த்த மாத்திரத்தில் கோளாறைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று எங்கள் பகுதியில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் நான்தான்.

எங்கள் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. செம்பட்டை நிறத்தில் சாதாரண நாட்டு நாய். பெயர் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். எங்கள் நாயும் ஒரு வேலையும் செய்யாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, தெருவில் போகிறவர்களை மிடுக்காகப் பார்த்தபடி வாசலில் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்து என் மனைவி வைத்த பெயர்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் சொல்தாவுக்கு அரிப்பு வந்தது. சும்மா அரிப்பு இல்லை. முதுகு, வால், தொடை என்று கடித்துக் கடித்துத் தோலைப் புண்ணாக்கிக்கொண்டது. வேப்பிலை அரைத்துப் பூசினேன்; அதை நக்கிவிட்டு என்னைப் பார்த்து முகம் சுளித்தது. கடைசியில், பக்கத்தில் கிளினிக் வைத்திருக்கும் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். இளம் வயது டாக்டரம்மா. பொறுமையாகப் பார்த்தார், ஒவ்வாமை என்றார், சின்னதாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரை உடம்புக்குள் போய் என்னென்ன செய்யும் என்று நன்றாக விளக்கமும் சொன்னார்.

அந்த விளக்கம் எனக்குத் தெரியாது. அவர் பேசிக்கொண்டிருந்தபோது நான் எடை பார்க்கும் இயந்திரத்தின் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எர்த் சரியாகக் கொடுக்கவில்லை. தலையை மட்டும் சரியான இடங்களில் ஆட்டினேன். நெடுநாள் இல்லறம் கற்றுக்கொடுத்த வித்தை அது. காலையில் பாதி, மாலையில் பாதி, சாப்பாட்டுக்குப் பிறகு. கொஞ்ச நாள் கழித்துத் திரும்பக் கூட்டிவர வேண்டும், அளவைக் குறைக்க வேண்டும். என் மண்டையில் ஏறியது இவ்வளவுதான்.

மாத்திரை கொடுப்பது இவ்வளவு பெரிய போராட்டம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மீன் குழம்புச் சோற்றில் வைத்தேன். தட்டு மெஷினில் போட்டு எடுத்ததுபோல் பளபளத்தது. நடுவில் மாத்திரை மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. இட்லிக்குள் வைத்தேன். இட்லி உள்ளே போனது, மாத்திரை வாயின் ஓரத்தில் இருந்து வெளியே வந்தது. பொடி செய்து பாலில் கலந்தேன். ஒரு நக்கு நக்கிவிட்டு, ‘உன்னிடம் இதை எதிர்பார்க்கவில்லை’ என்பதுபோல் ஒரு பார்வை. வாயைப் பிளந்து தொண்டைக்குள் போடலாம் என்று மனைவியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். கடைசியில் மாத்திரை என் பனியனுக்குள் கிடந்தது. எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியவில்லை.

“மெஷினுக்கு வைத்தியம் பாக்கறவரு நாய்க்கு ஒரு மாத்திரை குடுக்க முடியல. எல்லார் கிட்டயும் சொல்றேன் இருங்க,” என்றாள் மனைவி.

மறுநாள் காலை அவள் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தாள். நான் சமையலறையில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். மேல் தட்டில் அந்த ஜாடி கண்ணில் பட்டது.

எங்கள் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸ் என்றால் விவிக்கம் கேக். ரவை, வெண்ணெய், முட்டை, முந்திரி எல்லாம் சேர்த்துச் செய்வது. அதன் உயிர் ரம்மில் ஊறிய பழங்களில் இருக்கிறது. என் மனைவி நவம்பரிலேயே உலர்ந்த திராட்சையையும் மற்ற பழங்களையும் ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு ரம் ஊற்றி மூடி, மேல் தட்டில் ஏற்றிவிடுவாள். அதற்குப் பிறகு அந்த ஜாடிக்கு இருக்கும் மரியாதை வீட்டில் எனக்குக் கிடையாது.

திறந்து பார்த்தேன். திராட்சை ஒவ்வொன்றும் ரம் குடித்து உருண்டு திரண்டு, தொந்தி வைத்த மனிதர்போல் இருந்தது. ஒன்றை எடுத்து நகத்தால் கீறி, பாதி மாத்திரையை உள்ளே தள்ளினேன். தையல் போட்டதுபோல் மூடிக்கொண்டது. சொல்தாவிடம் நீட்டினேன். சத்தமே இல்லாமல் உள்ளே போய்விட்டது. அடுத்தது எங்கே என்று வாலை ஆட்டியது.

அந்த நிமிடம் எனக்கு வந்த பெருமிதத்தைச் சொல்லி முடியாது. உலகத்தில் எந்த மருத்துவரும் கண்டுபிடிக்காததை நெல்லித்தோப்பில் ஒரு வாஷிங் மெஷின் மெக்கானிக் கண்டுபிடித்துவிட்டான்! சீக்கிரமே அதைச் சடங்காகவும் ஆக்கிவிட்டேன். முதலில் ஆசை காட்ட ஒரு வெறும் திராட்சை, பிறகு மாத்திரை வைத்த திராட்சை, பிறகு சமர்த்தாகச் சாப்பிட்டதற்குப் பரிசாக இன்னொன்று. காலையும் மாலையும் தவறாமல் நடந்தது. அரிப்பும் வேகமாகக் குறைந்தது. நான் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

ஜாடி குறைவதை மனைவி கவனிக்காமல் இருப்பாளா? ஒருநாள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வழியை மறித்தாள்.

“யோவ், ஊது.”

“இன்னாத்துக்கு?”

“ஊதுன்னா ஊது.”

ஊதினேன். மத்தியானம் சாப்பிட்ட கருவாட்டுக் குழம்பு அவளை ஓரடி பின்னால் தள்ளியது. ஆனாலும் விடவில்லை.

“இப்ப கையக் காட்டு.”

கை மாட்டிக்கொண்டது. காலையில் திராட்சையைக் கீறிய இடது கை நகத்துக்குள் ரம் வாசனை இன்னும் கம்மென்று இருந்தது. அந்த வருடத் தவக்காலத்தில்தான் நான் குடியை விட்டிருந்தேன். பங்குச் சாமியார் முன்னால் சத்தியம் செய்து விட்டது. மனைவி அதற்காக எத்தனை மெழுகுவர்த்தி கொளுத்தியிருந்தாளோ தெரியாது.

“சாமி முன்னாடி சத்தியம் பண்ணிட்டு, இப்ப விவிக்கம் ஜாடியிலயே கைய வெக்கிறியா? ஊறப் போட்டதையும் விடல நீ? வெக்கமா இல்ல?”

நாய்க்குக் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். நம்பினால் அடி விழும், நம்பாவிட்டால் தெருவே சிரிக்கும். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு, தப்பே செய்யாத தியாகிபோல் முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போனேன். அவள் ஜாடியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். எனக்கா கவலை? நான் பூட்டுகளுக்கும் மெக்கானிக்.

இதற்கிடையில் சொல்தாவிடம் ஒரு மாற்றம். தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. அப்படி ஒரு குடியை நான் பார்த்ததில்லை. வாளியில் வைத்தால் வாளி காலி. மனைவி கிறிஸ்துமஸ் குடில் கட்டி, சின்னத் தட்டில் தண்ணீர் ஊற்றிக் குளம் வைத்து, பொம்மை வாத்துகளை மிதக்கவிட்டிருந்தாள். காலையில் பார்த்தால் குளம் வறண்டு, வாத்துகள் குப்புறக் கிடந்தன. குடித்ததெல்லாம் எங்காவது போக வேண்டுமே. வாசல், கூடம், மாடிப்படி, என் டூல்ஸ் பை என்று ஓர் இடம் விடவில்லை. சாப்பாடும் அப்படித்தான்; சாப்பிட்டு முடித்த கையோடு, பட்டினி கிடந்ததுபோல் தட்டைத் தள்ளிக்கொண்டு வரும்.

“இன்னாங்க, இதுக்கு இன்னாமோ ஆயிடுச்சிங்க. இவ்ளோ தண்ணி குடிக்கிது,” என்றாள் மனைவி. கவலை வந்ததில் என் மேலிருந்த கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது.

“தண்ணி உள்ள வர்ற இன்லெட் வால்வு லேசா லூசா இருக்கு. தானா சரியாயிடும்,” என்றேன். எனக்குத் தெரியாத எதற்கும் நான் சொல்லும் பதில் அது.

திரும்பக் காட்ட வேண்டிய நாள் வந்தது. காலையில் சொல்தாவை ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்திக் கிளினிக்குக்குப் போனேன். காத்திருக்கும் இடத்தில், வெள்ளைச் சட்டையும் தேய்த்த கால்சட்டையும் போட்ட ஒரு பெரியவர் மட்டும் மூங்கில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூடைக்குள் வெள்ளைப் பூனை ஒன்று சுருண்டு கிடந்தது. உதவியாளர் பெண் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, “சொல்தா, உள்ள வாங்க!” என்று கூப்பிட்டாள். நான் எழுந்தேன். பெரியவரும் எழுந்தார்.

“ம்மா, நா சொல்தாதான். ஆனா ரிட்டயர் ஆயிட்டேன். உனக்கு எப்பிடித் தெரியும்?” என்றார்.

எனக்கு வியர்த்துவிட்டது. நாயைக் காட்டி, “முசியே, ஐயா, மன்னிச்சிக்குங்க. இவரு பேரு அது,” என்றேன்.

அவர் நாயைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார். பிறகு நல்லவேளையாகச் சிரித்தார். “எந்த ரெஜிமெண்ட்டு?” என்று அதையே கேட்டார்.

உள்ளே வேறு ஒரு நாய்க்குக் கட்டுப் போடுவது இன்னும் முடியவில்லை என்று உதவியாளர் பெண் எங்களை மறுபடி உட்கார வைத்தாள். அப்படியே பேச்சு வளர்ந்தது. பூனைக்கு ராத்திரியிலிருந்து உடம்பு சுடுகிறது, சாப்பிடவில்லை என்றார் பெரியவர். மருந்து கொடுத்தால் துப்பிவிடுகிறது என்றும் சொன்னார். எனக்கு இது போதாதா? கால்மேல் கால் போட்டுக்கொண்டு என் கண்டுபிடிப்பை விளக்க ஆரம்பித்தேன். ரம்மில் ஊறிய திராட்சை, நகத்தால் கீறுவது, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று எல்லாவற்றையும் கை ஜாடையோடு சொன்னேன். சுவாரசியத்தில் குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால், டாக்டரம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

“திராட்சையா குடுத்தீங்க?”

“ஆமாங்க டாக்டர். சூப்பரா முழுங்கிடுது.”

“எத்தினி நாளா?”

“நீங்க மாத்திரை எழுதிக் குடுத்ததுலேருந்து.”

“நாய்க்குத் திராட்சை விஷம் சார். கிட்னியக் காலி பண்ணிடும். பச்சையா இருந்தாலும் சரி, காஞ்சதா இருந்தாலும் சரி. சில நாய்ங்களுக்கு நிறைய சாப்பிட்டாலும் ஒண்ணும் ஆவாது. சிலதுக்குக் கொஞ்சமே போதும். எந்த நாய்க்கு ஆவும்னு முன்னாடியே சொல்ல முடியாது. அதுல ரம் வேற. சைட் டிஷ் ஒண்ணுதான் பாக்கி வெச்சிருக்கீங்க.”

வழக்கமாக நகைச்சுவை என்றால் நான்தான் முதலில் சிரிப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. அடுத்து அவர் கேட்டது இன்னும் மோசம்.

“தண்ணி எப்பிடிக் குடிக்குது? யூரின் எப்பிடிப் போவுது?”

குடிலின் குளமும் என் டூல்ஸ் பையும் கண் முன்னால் வந்தன. சொன்னேன். அவர் சொல்தாவை மேசைமேல் ஏற்றச் சொன்னார். நான் எத்தனையோ மெஷினில் தண்ணீர் ஒழுகப் பார்த்திருக்கிறேன். நிற்காமல் ஒழுகினால் உள்ளே ஏதோ போய்விட்டது என்று அர்த்தம். கிட்னி என்ற வார்த்தையையும் அந்த ஒழுகலையும் என் மனம் தானாகவே இணைத்துவிட்டது.

“அந்த மாத்திரைக்கே தாகம் எடுக்கும், அன்னிக்கே சொன்னேனே. ஆனா திராட்சை குடுத்திருக்கீங்க, அதனால மாத்திரைதான் காரணம்னு சும்மா விட முடியாது. ரத்தம் எடுத்துப் பாத்துடுவோம். சாயந்தரம் ரிசல்ட் வரும்,” என்றார். அன்றைக்கே சொன்னாராம். அன்றைக்கு நான் வயரையல்லவா கேட்டுக்கொண்டிருந்தேன்.

ரத்தம் எடுக்கும்போது சொல்தா கொஞ்சமும் அசையவில்லை. என் முழங்கையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது.

அப்போதுதான் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் மெதுவாகத் தன் சட்டைப் பையில் கைவிட்டார். “டாக்டர், அப்ப இது பரவாயில்லையா? நா ஜுரத்துக்குப் போட்டுக்கறதுதான். காலையில குடுத்தேன், துப்பிடுச்சி. இப்ப இந்தத் தம்பி சொன்ன மாதிரி குடுத்துப் பாக்கலாம்னு...” என்று உடைத்த பாராசிட்டமால் மாத்திரையை நீட்டினார்.

டாக்டரம்மா அதை ஏறக்குறையப் பிடுங்கினார். “ஐயோ, பூனைக்கு இத குடுக்கவே கூடாதுங்க! நம்ம உடம்பு இத சமாளிச்சிடும், பூனை உடம்பால முடியாது. ஒரு துண்டே உயிருக்கு ஆபத்து. நல்லவேளை துப்புச்சி!”

பெரியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூடைக்குள் கையை விட்டுப் பூனையின் தலையைத் தடவி, பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தார். பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, நீ வாயத் தொறக்கலன்னா நானும் தொறந்திருக்க மாட்டேன்,” என்றார். என் வாழ்க்கையில் என் வாயால் யாருக்காவது நன்மை நடந்தது என்றால் அது ஒரு பூனைக்குத்தான்.

வீட்டுக்கு வந்தேன். மனைவி முகத்தைப் பார்த்ததுமே கேட்டாள். இனி மறைக்க முடியாது.

“நான் குடிக்கல. சொல்தாதான் குடிச்சிது,” என்றேன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஜாடி, திராட்சை, மாத்திரை, விஷம், கிட்னி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அடி விழும் என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன். விழவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து சொல்தாவின் மடங்கிய காதை நிமிர்த்தி நிமிர்த்தி விட்டுக்கொண்டிருந்தாள்.

“பாவி மனுஷா, நீ குடிச்சிருந்தா கூட எனக்கு இவ்ளோ பயம் வந்திருக்காது,” என்றாள்.

அன்று பகல் முழுக்க நான் வேலைக்குப் போகவில்லை. இரண்டு வீட்டில் மெஷினைச் சரிபார்க்கக் கூப்பிட்டுப் போன் செய்தார்கள்; துணியைக் கையால் துவைக்கச் சொன்னேன். சொல்தா தண்ணீர்த் தட்டுக்குப் போகும்போதெல்லாம் நானும் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு முறை அது காலைத் தூக்கும்போதும் நாங்கள் இருவரும் நின்று பார்த்தோம். அதுவும் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கூச்சப்பட்டுக்கொண்டு சுவருக்குப் பின்னால் போனது. கூட்டம் கூடி நின்று பார்த்தால் யாருக்குத்தான் வரும்? மாலையில் கொடுக்க வேண்டிய மாத்திரையை நான் எடுக்கவே இல்லை. இந்த மாத்திரைதானே எல்லாவற்றுக்கும் ஆரம்பம், இனி இதைத் தொடவே கூடாது என்று முடிவு கட்டியிருந்தேன்.

மாலை மூவரும் ஒரே ஸ்கூட்டரில் போனோம். மனைவி பின்னால் உட்கார்ந்து வழி நெடுக மாதாவுக்கு மங்கள வார்த்தை செபம் சொல்லிக்கொண்டு வந்தாள். சிக்னலில் நின்றபோது குரல் உயர்ந்தது. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, நாயைப் பார்த்து, தானும் சிலுவை போட்டுக்கொண்டார்.

டாக்டரம்மா எங்களைப் பார்த்ததும் முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே என் மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள்.

“கிட்னி நல்லா இருக்கும்மா. ஒரு கொறையும் இல்ல. இன்னிக்கி காலையில வரைக்கும் திராட்சை குடுத்திருக்காரு, அதனால ரெண்டு மூணு நாள் கழிச்சு இன்னொரு தரம் பாத்துடலாம். தண்ணி, யூரின், பசி எல்லாம் மாத்திரை பண்ற வேலை. அது ஸ்டீராய்டு. அரிப்பக் கேக்கும்; கூடவே இதெல்லாமும் வரும். அளவக் கொறைக்கக் கொறைக்க இதுவும் கொறைஞ்சிடும்.”

“கவலைப்படாதீங்க டாக்டர், இன்னிக்கே மாத்திரைய நிறுத்திட்டேன்,” என்றேன், ஒரு தடவையாவது நல்ல பெயர் வாங்கலாம் என்று.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அதுவும் தப்பு சார். இந்த மாத்திரையக் குடுத்துக்கிட்டே வந்தா, உடம்பு இதே மாதிரி தானா சுரக்கற ஹார்மோனக் கொறைச்சிக்கும். திடீர்னு நிறுத்தினா உடம்பு தடுமாறிப்போவும். படிப்படியாத்தான் கொறைக்கணும். இப்ப வீட்டுக்குப் போயி சாப்பாடு குடுத்துட்டு மாத்திரையக் குடுங்க.”

“எதுலங்க வெச்சிக் குடுக்கறது?” என்று கேட்டாள் மனைவி. நான் கேட்கவில்லை. அந்தத் தலைப்பில் பேசும் உரிமையை நான் இழந்திருந்தேன்.

“உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் இல்லாம வேக வெச்ச கோழித் துண்டுல வெச்சிக் குடுங்க. அவரு கண்டுபிடிச்சதுல முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு, அது மட்டும் நல்ல ஐடியா. அத வெச்சிக்கலாம்.”

மனைவியின் முன்னால், மருத்துவர் வாயால், என் கண்டுபிடிப்பில் ஒரு பகுதிக்கு அங்கீகாரம்! வெளியே வரும்போது அவளைத் திரும்பிப் பார்த்தேன். “ரொம்பப் பாக்காத. வண்டிய எடு,” என்றாள். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது சோதனையிலும் ஒன்றும் இல்லை. மாத்திரையின் அளவு குறையக் குறையச் சொல்தாவின் தாகம் தணிந்தது. குடிலில் வாத்துகள் மறுபடி மிதந்தன. மனைவி புதிதாகப் பழம் ஊறப் போட்டாள். காலம் கடந்து ஊறப் போட்டதால் அந்த வருட விவிக்கம் கொஞ்சம் சுமார்தான். கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் கேக்கைக் கடித்துவிட்டு, ‘என்ன ஆச்சு?’ என்று கேட்டார்கள். அவள் முதலிலிருந்து கடைசிவரை, என் நடையையும் பேச்சையும் நடித்துக் காட்டியே சொன்னாள். சிரித்துச் சிரித்து என் மச்சானுக்குப் புரையேறியது. “டாக்டரே, தண்ணி குடுங்க!” என்று என்னைத்தான் கேட்டான். இன்றுவரை அந்தக் குடும்பத்தில் எனக்கு டாக்டர் என்றுதான் பெயர். பட்டம் கொடுத்தவர்கள் சிரித்துக்கொண்டே கொடுத்ததால் மறுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு, சொல்தாவுக்கு எந்த மருந்தாக இருந்தாலும், வயிற்றுப் பூச்சி மருந்தோ காதில் விடும் சொட்டோ, டாக்டரம்மாவைக் கேட்காமல் நான் மூடியைத் திறப்பதில்லை. அவர் பேசும்போது எந்த வயரையும் பார்ப்பதில்லை. புரியாவிட்டால் தலையை ஆட்டாமல், “இன்னொரு தரம் சொல்லுங்க” என்று கேட்கிறேன். நல்லவேளை, கேட்பதற்குக் கூச்சமாக இல்லை. கூச்சப்பட வேண்டியதற்கெல்லாம் ஏற்கெனவே கூச்சப்பட்டு முடித்துவிட்டேன்.

ஒன்றுதான் என்னை இன்னும் என்னவோ செய்கிறது. வேறு யார் எதை நீட்டினாலும் சொல்தா மோந்து பார்த்துத்தான் வாங்கும். என் கையில் இருந்து வந்தால் அப்படியே வாயில் போட்டுக்கொள்ளும், கடித்துக்கூடப் பார்க்காது. விஷத்தை ஊட்டிய கை இது என்று யாராவது அதனிடம் சொன்னாலும் நம்பாது. என்னை நம்பி அது மோந்து பார்ப்பதை நிறுத்திவிட்டது. அதற்கும் சேர்த்து மோந்து பார்க்கிற வேலை இப்போது என்னுடையது.